அவர் துவைத்த சட்டை

எங்கள் சலவைக்கடையில் மூக்கு என் பொறுப்பு, கை அவர் பொறுப்பு. கேட்பவர்களுக்கு இது கேலியாகத் தோன்றும். ஆனால் கடை அப்படித்தான் நடந்தது.

என் கணவருக்கு வாசனை தெரியாது, நாற்றமும் தெரியாது. இளவயதில் ஜன்னலில்லாத ஓர் அறையில், கறை எடுக்கும் மருந்துகளுக்கு நடுவே, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் வேலை பார்த்தவர். அந்த ஆவி மூக்குக்குள் இருந்ததையெல்லாம் சுட்டுவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் புகை கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்து போவார். சொந்தமாகக் கடை போட்டபோது, இந்தக் குறையை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது என்று தயங்கினார். கறையைக் கண்ணால் பார்த்துவிடலாம், நாற்றத்தைப் பார்க்க முடியாது. அது தெரியாமல் துணியைச் சூட்டில் போட்டுவிட்டால் நாற்றம் நூலுக்குள் குடியேறிவிடும். பிறகு எந்த ராஜா வந்தாலும் அதைக் கிளப்ப முடியாது.

அதனால் முன்மேசையில் நான் நின்றேன். துணியை வாங்கி விரிப்பேன். கழுத்து, அக்குள், பை, கால் மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக முகர்வேன். பிறகு உள்ளே பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். "எண்ணெய்." "சிகரெட்." "பூனை." "பழைய வியர்வை." அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எந்தத் தொட்டி, எந்த மருந்து என்று அவர் முடிவு செய்வார். ஏன், எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் மூக்கை அவர் நம்பியதுபோல வேறு எதையும் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஒரே மகன் இந்த ஏற்பாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். முதன்முதலாகச் சிகரெட் பிடித்த அன்று நேராக அப்பாவிடம் போய் நின்று வெகுநேரம் அரட்டை அடித்தான். என் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

"ஏம்மா, தொரைக்கு இன்னைக்கு என் மேல பாசம் பொங்குதே, என்ன விஷயம்?" என்று அவர் என்னைக் கேட்டார். மகனை அவர் தொரை என்றுதான் கூப்பிடுவார்.

"பொங்குறது பாசமில்லீங்க, புகை."

மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். "எங்கப்பாவுக்கு மூக்கு கண்ணாடி மாட்டிக்க மட்டும்தான். அவரோட மூக்கையும் நீயே சேர்த்து வெச்சிருக்கியேம்மா, மனுஷன் எங்க போய் ஒளியுறது?"

அவன் ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கேட்ட நிறத்தை இயந்திரத்தில் கலந்து கொடுக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கையை அப்பாவிடம் நீட்டுவான். "என்ன கலர் வித்தேன், சொல்லுப்பா." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைமடிப்பில் தெறித்திருக்கும் புள்ளிகளைப் பார்ப்பார். "எவனோ படுக்கையறைக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கிறான். அவன் பொண்டாட்டிதான் பாவம்." மறுநாள் காலை அந்தச் சட்டை புள்ளியில்லாமல் ஹேங்கரில் தொங்கும். ஊரார் துணியெல்லாம் காத்திருந்தாலும் மகன் சட்டை முதலில் தண்ணீர் பார்த்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில், காலையில் வேலைக்குப் போகும் வழியில், பின்னால் வந்த லாரி அவனை அடித்துவிட்டது. அதைப்பற்றி எழுத எனக்கு இதற்குமேல் ஒன்றுமில்லை.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். உதவி என்று நினைத்து அவன் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் எடுத்து நனைத்துவிட்டார்கள். நான் சுயநினைவோடு எழுந்து பார்த்தபோது கொடி முழுக்க அவனுடைய துணிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கின. அவன் அறைக்கு ஓடினேன். கதவுக்குப் பின்னால் முந்தினநாள் இரவு நேரங்கழித்து வந்து, அப்பாவிடம் கொடுக்காமல் கழற்றிப் போட்ட சட்டை ஒன்று மட்டும் மாட்டியிருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கி முடிந்தேன். அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து, என் அலமாரியின் அடித்தட்டில், யாரும் தொடாத குளிர்காலத் துணிகளுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததாக ஞாபகமில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளிக்கப் போனதும் பையைத் திறப்பேன். ஒரே ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு இழுத்தால் அடுத்த வாரத்துக்கு இருக்காது என்று பயம். பெயிண்டின் காரம் இருக்கும். கடையில் அவன் கைகழுவும் மலிவான சோப்பு இருக்கும். அவற்றுக்கடியில், கழுத்துப் பட்டையில், அவன் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து மாறாத ஒன்று இருக்கும். ஊரார் துணிக்கெல்லாம் வார்த்தை சொன்ன எனக்கு அதற்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. உடனே முடிச்சுப் போட்டுவிடுவேன்.

முன்மேசையில் துணிகளை முகர்வதை நிறுத்தினேன். ஊரின் வியர்வையும் எண்ணெயும் உள்ளே போகப் போக, மூக்கில் அவனுக்கென்று இருக்கும் இடம் அழிந்துவிடும் என்று தோன்றியது. நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் இருப்பதுதானே வழியும்? அவரிடம் சைனஸ் என்று சொல்லிவிட்டேன். அவர் அதையும் நம்பினார். தினம் காலையில் ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தார். போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, ஒன்றும் அடைக்காத மூக்கோடு, அந்த நீராவியில் உட்கார்ந்திருப்பேன். அழுவதற்கு அது வசதியான இடம்.

கடை சரியத் தொடங்கியது. எதிர்த்தெருப் பல் டாக்டரம்மா, நாங்கள் வெளுத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டை மேசையில் கொண்டுவந்து போட்டார்.

"நல்லா வெளுத்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா சூடு பட்டதும் மீன் நாத்தம் கிளம்புது. நான் குனிஞ்சு வாயைத் திறங்கன்னா நோயாளி தன் மூக்கைப் பொத்திக்கறார். உலகத்துலயே டாக்டரைப் பார்த்து நோயாளி மூக்கைப் பொத்துற ஒரே பல் ஆஸ்பத்திரி என்னோடதுதான்."

என் கணவர் கோட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா. வீட்டுல அவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரியும். "இல்ல, அவசரமில்ல. மெதுவா குடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் போல இருந்தது.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. என் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். கூடப் போய் இருந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினேன். எங்கள் அறையில் அலமாரி சுவரைவிட்டுத் தள்ளி நின்றது. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஈரம் இறங்கியிருந்தது. என் துணிகள் கட்டிலில் அடுக்கியிருந்தன. அடித்தட்டைக் குனிந்து பார்த்தேன். பை இல்லை.

திரும்பினேன். மகன் அறைக் கதவின் கொக்கியில் அந்தச் சட்டை ஹேங்கரில் தொங்கியது. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, காலர் விறைத்து நின்றது. மேல்பொத்தான்கூடப் போட்டிருந்தது.

முகத்தை அதில் புதைத்தேன். சலவைப் பவுடர். இஸ்திரிச் சூடு. வேறொன்றுமில்லை. எங்கள் கடையிலிருந்து போகிற எத்தனையோ சட்டைகளில் அதுவும் ஒன்றாக இருந்தது.

அவர் பின்னால் வந்து நின்றார். "சுவர் ஒழுகிடுச்சும்மா. அலமாரியக் காலி பண்ணேன். அடியில ஒரு பையில..."

"துவைச்சீங்களா?"

"ஆமா."

"யாரைக் கேட்டுத் துவைச்சீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வாழ்நாள் முழுக்க யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. "அழுக்கா இருந்துச்சே" என்றார்.

"அது அழுக்கு இல்ல. அவன். அவன்கிட்டேயிருந்து எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, மாடிப்படி என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாமல் போனவரைப்போலத் தடுமாறிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியலையேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சே."

நான் கையில் அகப்பட்ட துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

அக்கா கண்ணில் கட்டோடு கதவைத் திறந்தாள். நான் சொன்னதையெல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி கேட்டுமுடித்தாள்.

"குடிச்சாரா?"

"இல்ல."

"கையைக் கிய்யை நீட்டினாரா?"

"சேச்சே."

"துணி துவைச்சாரு. ஊர்ல அவளவ புருஷன் ஒரு கைக்குட்டைகூட அலச மாட்டேங்கறான்னு சண்டை போட்டுட்டு வர்றா. துவைச்சதுக்குச் சண்டை போட்டுட்டு வந்தவ நீ ஒருத்திதான்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அதை நிறுத்தத் தெரியாமல் சிரித்து, அது அழுகையாக மாறி, அதையும் நிறுத்தத் தெரியாமல் அக்காவின் மடியில் கிடந்தேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அழாதன்னு சொல்ல மாட்டேன். என்னால குனிய முடியாது, கண்ணுல தையல் இருக்கு. மெதுவா அழு" என்றாள்.

மறுநாள் அவள் எங்கேயோ தேடி ஒரு கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்தாள். அவன் எப்போதோ அங்கே விட்டுப்போனது. வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"இருக்காடி?"

அந்துருண்டை வாசனைதான் இருந்தது. "இல்லக்கா."

அவள் தொப்பியை வாங்கித் தன் மூக்கிலும் வைத்துப் பார்த்தாள். "எனக்கும்தான் அவன் புள்ள" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தம் வரக் கழுவினாள்.

அக்கா வீட்டுப் பகல்கள் நீளமானவை. அவள் தூங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டையின் வாசனையை மனத்தில் இழுத்துப் பார்ப்பேன். பெயிண்ட் வரும். சோப்பு வரும். கடைசி ஒன்று வருவதற்குள் வேறொன்று முந்திக்கொள்ளும். மூடிக்கிடந்த கிணற்றடி போல, நனைந்த அட்டைப்பெட்டி போல ஒன்று. முதலில் அக்கா வீட்டுச் சுவரென்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. வெகுகாலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையிலிருந்து வந்தது இதுதான். பூஞ்சை. வேறு யார் துணியாக இருந்தாலும் மேசைக்கு வருவதற்கு முன்பே சொல்லியிருப்பேன். அந்தச் சட்டைக்கு மட்டும், வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும், விழுங்கிவிட்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன். எந்த வாரத்தில் அவன் போய் அது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இது தெரிந்ததால் மனம் ஆறியது என்று யாரும் எண்ண வேண்டாம். இன்னும் மோசமாயிற்று. அதுவரை கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு மனிதர் இருந்தார். இப்போது அவரும் இல்லாமல் போனார்.

மாற்றுத் துணி எடுக்க ஒரு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். வீடு கடைக்கு மேல்மாடியில், கடை வழியாகத்தான் போக முடியும். வாசலை நெருங்கியபோது உள்ளே குரல் கேட்டது. பாண்டு குழுவில் எக்காளம் ஊதும் பெரியவர் தன் சிவப்புக் கோட்டைக் கொண்டுவந்திருந்தார். நான் வெளியிலேயே நின்றேன்.

என் கணவர் கோட்டை மேசையில் விரித்தார். நான் செய்வதைப்போலவே கழுத்து, அக்குள், பை என்று ஒவ்வோர் இடமாக முகத்தருகே எடுத்துப்போனார். கண்ணை மூடி, தோள் உயர, நெஞ்சு நிறைய இழுத்தார். ஒருமுறை இழுத்து ஒன்றும் அகப்படாமல், துணியை மூக்கோடு அழுத்தி மறுபடி இழுத்தார். பூட்டிக்கிடக்கும் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பவர்போல இருந்தது.

"சிகரெட்டுங்களா?" என்றார் தயக்கமாக.

"யோவ், ஊதுறதுக்கு எனக்கு எக்காளம் பத்தாதா? சிகரெட் வேற ஊதணுமா?"

"அப்ப... எண்ணெய்?"

"நீ என்ன ஏலமா விடுற? அந்தம்மா எப்ப வர்றாங்க?"

அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார். "தெரியலைங்க" என்றார். "வருவாங்களான்னும் தெரியல."

பெரியவர் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். "பூட்டுன வீட்டுல திருட வந்தவன் மாதிரி வெளிய நிக்காதம்மா" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

நான் உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த காலிப் பையையும் பார்த்தார். மாடிப்படிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நான் மாடிக்குப் போகவில்லை. ஏன் என்று யோசிக்கவுமில்லை. "அது யார் சட்டைன்னு தெரியாமத் துவைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா?" அவர் பின்னறைக்குள் நடந்தார். நானும் போனேன். இயந்திரங்கள் நிறுத்திக் கிடந்தன. தொட்டி விளிம்பில் கையூன்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். "பையைப் பிரிச்ச உடனே தெரியும். காலர்ல வெள்ளை வெள்ளையாப் பூத்திருந்துச்சு. பூஞ்சை. இன்னும் ஒரு மழை தாண்டியிருந்தா துணி கைல எடுத்தாலே கிழிஞ்சிருக்கும். ஆனா அதுக்காகத் துவைச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பின்ன?"

அவர் தொட்டியின் விளிம்பில் காய்ந்திருந்த நுரையை நகத்தால் சுரண்டினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னைத்தான் உள்ள கூப்பிட்டாங்க. நீ வெளிய மயங்கிக் கிடந்த. அவன் மேல எல்லாம் சேறு. முகத்துல, காதுக்குள்ள, கழுத்துல. சட்டை எல்லாம் சேறு. ஒரு ஈரத்துணி குடுங்க, நான் துடைச்சு விடுறேன்னு கேட்டேன். தொடக்கூடாது, இன்னும் பரிசோதனை இருக்குன்னாங்க. ஒரே ஒரு நிமிஷங்க, இது என் வேலைதாங்கன்னு சொன்னேன். கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

"பொறந்ததுலேருந்து அவன் துணியை நான் அழுக்கா விட்டதில்லம்மா. அந்தப் பையில பார்த்ததும்... அவனை அழுக்கோட அனுப்பிட்டேன், இதையாவதுன்னு நெனச்சேன். நீ மோந்து பார்க்க வெச்சிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குத் துணின்னா துணிதான். அதுல யாரும் இருக்க மாட்டாங்க."

மழை பின்னறையின் தகரக்கூரையில் மெல்லத் தூறியது. நான் தரையில், நனையாத ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

"என்னென்ன இருந்துச்சு, சொல்லுங்க."

"எதுல?"

"அந்தச் சட்டையில. நீங்க எடுத்ததெல்லாம்."

அவர் திரும்பினார். நான் குற்றம்சாட்டத்தான் கேட்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் விரித்துக்கொண்டார். சட்டை அங்கே கிடப்பதுபோல விரல்கள் நகர்ந்தன.

"வலது கைமடிப்புல மஞ்சள், வெளிர் மஞ்சள். சின்னப் பிள்ளைங்க ரூமுக்கு அடிக்கிறது. இடது முழங்கையில துரு. ஏதோ இரும்புக் கேட்டுல சாய்ஞ்சு நின்னிருக்கான். வயித்துக்கிட்ட டீ. கீழ்நோக்கி ஓடல, பக்கவாட்டுல ஓடியிருந்துச்சு. ஓடுற பஸ்ல நின்னுட்டுக் குடிச்சிருக்கான், முட்டாப் பய. மூணாவது பொத்தான் அவனே தெச்சிருக்கான். வெள்ளைப் பொத்தானுக்குக் கறுப்பு நூல். சலவைக்காரன் வீட்டுல பொறந்துட்டு." அவர் விரல் அந்தப் பொத்தான் இடத்திலேயே நின்றது. "அப்புறம் தோள்ல பவுடர்."

"எந்தத் தோள்ல?"

"இடது. முகத்துக்குப் போடுற பவுடர்."

நான் அவரையே பார்த்தேன். "ரோஜா வாசனைப் பவுடர்" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் லேசா வந்துச்சு. கடைக்கு வர்ற யாரோன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கடைக்கு வர்றவ தோள்ல சாய மாட்டா."

எங்களுக்குத் தெரியாத ஒரு பெண். அன்று வீட்டுக்கு வந்த கூட்டத்தில் அவளும் மூலையில் நின்றிருக்கலாம். நின்று, யார் என்று யாரும் கேட்காமல், திரும்பிப் போயிருக்கலாம். அவளிடம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறதோ. இன்றுவரை அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

"ரோஜாவா" என்று அவர் மட்டும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு உள்ளே எதுவும் அவருக்கு இருந்திருக்காது. இருந்தாலும் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

எழுந்து முன்கடைக்குப் போனேன். மேசைமேல் எக்காளக்காரரின் சிவப்புக் கோட்டு கிடந்தது. அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். இத்தனை நாள் காத்த பாத்திரத்தை நானே சாய்க்கப்போகிறேன் என்று தெரிந்தது. முகர்ந்தேன்.

பித்தளை துடைக்கும் எண்ணெய். இருமல் மருந்து. அதற்கடியில் வெகுகாலம் தனியாக இருப்பவர்களின் துணியில் வருகிற, காற்றுப்படாத அறையின் வாசனை. மூன்றும் உள்ளே போயின. நான் பயந்ததுபோலவே உள்ளே இருந்தது கொஞ்சம் வழிந்தது. போகட்டும் என்று நினைக்கவில்லை. போகிறது என்று மட்டும் நினைத்தேன்.

"எண்ணெய். பித்தளை எண்ணெய்" என்றேன். அவர் கோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அக்கா வீட்டிலிருந்த என் துணிகளை அடுத்த வாரம் அவளே கொண்டுவந்து போட்டாள். "துவைச்சுட்டேன். இதுக்கும் சண்டை போட்டுட்டு எங்க போவியோ போ" என்றாள்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். எதுவும் சரியாகவில்லை. மழை பெய்யும் காலைகளில் அவர் கடையைத் தாமதமாகத் திறப்பார். பெயிண்ட் பட்ட துணி யாருடையதாக இருந்தாலும் நான் வாங்கி, முகராமல், அப்படியே அவரிடம் கொடுத்துவிடுவேன். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வார். வருஷங்கள் போகப் போக, மகனின் வாசனையை நினைவில் தேடினால் முதலில் சோப்பு போயிற்று, பிறகு பெயிண்ட் போயிற்று. ஒருநாள் தேடியபோது எதுவுமே வரவில்லை. அழுகை வரும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. அவன் இல்லை என்பது மட்டும் அங்கே இருந்தது. வீட்டில் வெகுநாளாகக் கிடக்கும் ஒரு கனமான மேசையைப்போல. அதை நகர்த்தவும் முடியாது, இல்லை என்று எண்ணி நடக்கவும் முடியாது. ஆனால் எங்கே கிடக்கிறது என்று கால்களுக்குப் பழகிவிட்டது. மனநிம்மதி என்று மற்றவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது இந்தப் பழக்கம்தான்.

அவர் போய் இப்போது கொஞ்ச காலம் ஆகிறது. மூக்கைத் தின்ற மருந்து மெதுவாக நெஞ்சுக்கும் இறங்கியிருந்தது. கடைசி மாதங்களில் மூச்சுக்குத்தான் சிரமப்பட்டார். வலி என்று ஒருநாளும் சொல்லவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அக்கா எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு இப்போது இரண்டு கண்ணும் மங்கல்.

"யாரையும் அவர் துணியைத் தொட விடலைடி நான். அப்படியே இருக்கு எல்லாம். உனக்கு வேணுங்கறதை எடுத்து வெச்சுக்க."

அவள் அதற்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

கட்டில் மேலிருந்தவை, நாற்காலியில் தொங்கியவை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு பின்னறைக்கு இறங்கினேன். தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றையும் எடுத்து ஒருமுறை முகத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது மூச்சு இழுத்தேன், மூன்றாவதும் இழுத்தேன். மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. பிறகு தண்ணீரில் போட்டேன்.

"என்னடி பண்ற?" என்று அக்கா படியிலிருந்து பதறினாள்.

"அழுக்கா இருக்குக்கா."

அவள் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிவந்து, என் பக்கத்தில் நின்று, நான் அலசிக் கொடுத்ததைப் பிழியத் தொடங்கினாள். அவர் இருமி இருமிக் காலர்கள் எல்லாம் கறையேறியிருந்தன. அவர் சொல்லிக் கொடுத்ததில்லை என்றாலும் எந்த மருந்து என்று எனக்குத் தெரிந்திருந்தது. கறை போகும்வரை தேய்த்தேன்.

வெயில் இல்லாத நாள் அது. காய நேரமாகும் என்று தெரிந்தே எல்லாவற்றையும் கொடியில் விரித்துப் போட்டேன்.